நான்காவது இரவுக்கும் சார்ஜ் வேண்டும்

வணக்கம் நேயர்களே. நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முட்டி வலி, தூக்கம், சாப்பாடு என்று அதில் பேச எத்தனையோ இருக்கிறது. நான் எடுத்துக்கொண்டது ஹேண்டில்பாரில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன ஜிபிஎஸ் கருவியை, அதிலும் அதன் பேட்டரியை மட்டும். இதற்கு ஒரு உரையா என்று கேட்கலாம். நடு இரவில், நாற்சந்தியில், திரை கறுத்துப்போய் நின்றவர்கள் கேட்க மாட்டார்கள்.

கருவி வாங்கும்போது பெட்டியில் ஒரு எண் போட்டிருக்கும். இருபது மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். புது பேட்டரி, மிதமான வெயில், திரை வெளிச்சம் குறைவு, அதிக சென்சார்கள் இல்லை, இப்படி எல்லாம் கூடிவந்தால் கிடைக்கிற நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று போய்வருகிறவருக்கு அது தாராளம். நெடுந்தூரக்காரருக்கு? பிரெவே என்கிற ஓட்டங்களில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் கெடு. 300க்கு இருபது மணி. பெட்டியில் இருந்த எண் அங்கேயே தீர்ந்துவிட்டது. 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி. பிரான்சில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஓட்டம் 1,200 கிலோமீட்டருக்கு மேல். அதிகபட்சக் கெடு 90 மணி நேரம்.

இந்தத் தொண்ணூறைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். முழுக் கெடு எடுப்பவர்கள் ஞாயிறு மாலை கிளம்பி வியாழன் பகலில் வந்து சேர்கிறார்கள். இடையில் நான்கு இரவுகள். ஆகஸ்ட் பின்பாதியில் அங்கே ஒரு இரவு ஏறக்குறைய பத்து மணி நேரம். தொண்ணூறில் நாற்பது மணி நேரம் இருட்டு! நான் சொல்ல வந்ததே இதுதான். நெடுந்தூர ஓட்டத்தில் பேட்டரி பிரச்சினை என்பது இரவுப் பிரச்சினை. பகலை அது தானாகவே சமாளித்துக்கொள்ளும்.

ஏன் என்றால், இந்தக் கருவிகள் பலவற்றின் திரை செல்போன் திரையைப் போன்றது இல்லை. வெயில் பட்டால் அந்த வெயிலையே திருப்பி அனுப்பி எழுத்தைக் காட்டும். உச்சி வெயிலில் செல்போனைக் கையால் மறைத்துப் பார்க்கிறோம், இதை அப்படியே பார்க்கலாம். பின்னால் விளக்கு எரிய வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பலர் பகலிலும் வெளிச்சத்தை முழுதாக வைத்தே ஓட்டுகிறார்கள். கடையில் பளிச்சென்று தெரிந்தது, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். போகிற வழியில் மின்சாரம் கொட்டிக்கொண்டே போகிறது.

சரி, இரவில் வெளிச்சம் வேண்டாமா? வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொள்கிறது. பழகிய கண்ணுக்குப் பத்து சதவீத வெளிச்சமே போதும். முழு வெளிச்சத்தில் ஒருமுறை திரையைப் பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்தால் பள்ளம் தெரியாது. ஆக, வெளிச்சத்தைக் குறைத்தால் பேட்டரியும் மிஞ்சும், முன்சக்கரமும் தப்பும். பல கருவிகளில் இன்னொரு வசதி இருக்கிறது. திரை அணைந்தே இருக்கும், திருப்பம் நெருங்கும்போது மட்டும் விழித்து வழியைக் காட்டிவிட்டு மறுபடி அணைந்துவிடும். அமைப்புகளுக்குள் எங்கோ ஒளித்து வைத்திருப்பார்கள், தேடிப் பிடியுங்கள். நேர்சாலையில் முப்பது கிலோமீட்டர் போகும்போது அந்தத் திரையில் பார்க்க என்ன இருக்கிறது? வேகம் குறைகிறது என்ற கவலைதான். அது திரை இல்லாமலே தெரியும்.

வெளிச்சத்துக்கு அடுத்து செயற்கைக்கோள். இந்தக் கருவி செயற்கைக்கோளோடு பேசிக்கொண்டே இருப்பதால் சார்ஜ் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பேசுவதே இல்லை, காது கொடுத்துக் கேட்கிறது, அவ்வளவுதான். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் மிக மெல்லிய சமிக்ஞைகளைப் பொறுக்கிக் கணக்குப் போடுவதற்குத்தான் செலவு. புதிய கருவிகள் ஒரே நேரத்தில் பல நாடுகளின் செயற்கைக்கோள்களை, இரண்டு அலைவரிசைகளில் கேட்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் அடர்ந்த காட்டிலும் அது பிரமாதம். திறந்த நெடுஞ்சாலையில் நான் இடது ஓரத்தில் போகிறேனா வலது ஓரத்தில் போகிறேனா என்று கருவிக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? அதைக் குறைத்து வையுங்கள். வழி தவறினால் தானாகவே புது வழி போடும் வசதியையும் நிறுத்துங்கள். கருவிக்குள் கணக்குப் போடும் சிப்பை அது பாடாய்ப் படுத்தும். போதாததற்கு, ஓட்ட அமைப்பாளர்கள் சொன்ன வழியிலிருந்து உங்களை வேறெங்கோ இழுத்துப் போகும்.

அப்புறம், எல்லோரும் சொல்லும் பதில்: 'பவர் பேங்க் இருக்கே, என்ன கவலை?' இங்கே கொஞ்சம் நிற்கிறேன், எனக்குப் பிடித்த கதை இது.

ஒரு 600 கிலோமீட்டர் ஓட்டத்தில் எங்கள் கூட வந்த ஒரு நண்பர், பொழுது சாய்ந்ததுமே பவர் பேங்கைச் சைக்கிள் சட்டத்தின் மேலிருக்கும் பைக்குள் வைத்து, ஒயரைக் கருவியில் மாட்டிவிட்டார். 'இனிமே காலையிலதான் அதைத் தொடுவேன்' என்றார். இரவு இரண்டு மணி சுமாருக்கு அவருடைய திரை கறுத்துவிட்டது. ஓரமாக நிறுத்தினோம். ஒயரைத் தடவிப் பார்த்தார், இறுக்கமாகவே இருந்தது. பவர் பேங்கை வெளியே எடுத்துப் பொத்தானை அழுத்தினார், நான்கு விளக்கும் எரிந்தன. 'நாலும் எரியுதுங்க! ராத்திரி முழுக்க மாட்டித்தானே இருந்துச்சு?' என்று என் முகத்திலேயே டார்ச் அடித்துக் கேட்டார்.

மாட்டித்தான் இருந்தது. ஆனால் பல பவர் பேங்குகள் செல்போனுக்காகச் செய்யப்பட்டவை. வாங்கும் மின்சாரம் ஒரு அளவுக்குக் கீழே போனால், போன் நிரம்பிவிட்டது என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். சைக்கிள் கருவிக்கு ஆகும் செலவு ரொம்பக் கம்மி. ஒருமுறை நிரம்பியதும் துளித்துளியாகத்தான் உறிஞ்சும். பவர் பேங்க் தூங்கிப்போகும், மறுபடி யாராவது எழுப்பினால்தான் உண்டு. சாப்பிட்டு முடித்த விருந்தாளி இலையில் சும்மா அளைந்துகொண்டிருந்தால் பரிமாறுகிறவர் குண்டானைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் இல்லையா, அதே கதை. சில பவர் பேங்குகளில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் குறைந்த மின்சாரத்துக்கும் விழித்திருக்கும். வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள். அது இல்லையென்றால் இரவு முழுக்க மாட்டி வைக்காதீர்கள். கருவி முப்பது நாற்பது சதவீதத்துக்கு இறங்கட்டும், அப்போது மாட்டுங்கள், நன்றாக இழுக்கும். அதற்கும் கீழே போகும்வரை காத்திருக்க வேண்டாம். ஐந்து சதவீதத்தில் நின்றுகொண்டு, தூக்கக் கலக்கத்தில், பைக்குள் ஒயரைத் தேடுவது பெரிய தண்டனை.

இன்னொன்று. பவர் பேங்கின் மேல் 10,000 எம்ஏஹெச் என்று போட்டிருந்தால் அது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. வெளியே 5 வோல்ட்டாக மாறி வரும்போது, இழப்பும் போக, கையில் கிடைப்பது ஆறாயிரத்துச் சொச்சம். அதுவும் புதிதாக இருக்கும்போது.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. சார்ஜ் ஓட்டையை மூடும் ரப்பர் மூடி இருக்கும்வரைதான் கருவி நனையலாம். ஒயர் மாட்டினால் மூடி திறந்துதானே இருக்கும்? ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் தங்கப் பூச்சு முனைகள் அரித்துப்போகும். மழையில் மாட்டாதீர்கள், கூரை கிடைக்கும் இடத்தில் மாட்டுங்கள். குளிரில் பேட்டரி சோர்ந்துபோகும், ஆனால் சூடேறினால் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவதுதான் பேட்டரிக்கே கேடு. பவர் பேங்கைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கடும் வெயிலிலும் சில கருவிகள் சார்ஜ் ஏற்க மறுக்கும், பழுது என்று பயப்பட வேண்டாம், நிழலுக்குப் போனால் சரியாகிவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். டைனமோவுக்கென்று தனியாக நேரம் வைத்திருந்தேன், அதைப் பவர் பேங்க் சாப்பிட்டுவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். முன்சக்கர அச்சில் பொருத்தும் டைனமோ சுமார் 3 வாட் தரும். கருவிக்கு அது தாராளம். ஆனால் இரவில் முகப்பு விளக்கு எரியும்போது அதில் மிச்சம் கொஞ்சம்தான், மேடு ஏறும்போது அதுவும் விட்டுவிட்டு வரும். ஒவ்வொரு முறை நின்று வரும்போதும் கருவி 'சார்ஜ் துண்டிக்கப்பட்டது' என்று திரையை எரியவைத்துச் சொல்லும், அதற்கே சார்ஜ் போகும்! அதனால் டைனமோவிலிருந்து நேரே கருவிக்கு ஒயர் இழுக்காதீர்கள். டைனமோ பவர் பேங்குக்கு, பவர் பேங்க் கருவிக்கு. ஏற்றிக்கொண்டே கொடுக்கவும் தெரிந்த பவர் பேங்காக அது இருக்க வேண்டும். சூரிய ஒளியில் சார்ஜ் ஏறும் கருவிகளும் வந்துவிட்டன. பகல் செலவைக் குறைக்கும், இருட்டில் கைகொடுக்காது. சாதாரண ஏஏ பேட்டரி போடும் பழைய வகைக் கருவி யாரிடமாவது இருந்தால் விற்றுவிடாதீர்கள், தீர்ந்தால் வேறு பேட்டரி மாற்றிப் போட்டுக்கொண்டு போகலாம். நேரம் ஆகிவிட்டது, வணக்கம்.