பெர்லின் செமினரி வாத்தியார்களும் ஒரு லைப்ரரியனும்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கல்வி நிறுவனத்த பத்தி பேசுனா நாம எப்பவும் நிறுவனர் பேர சொல்லுவோம், கட்டடத்த சொல்லுவோம், அங்க படிச்சு பெரிய ஆளானவங்கள வரிசையா அடுக்குவோம். உள்ள உக்காந்து தினம் பாடம் எடுத்தவங்க, புக் எடுத்துக் கொடுத்தவங்க, நிர்வாகம் பாத்தவங்க யாருன்னு பெருசா கேக்கறதில்ல. நான் இன்னைக்கு அவங்கள பத்திதான் பேசப்போறேன், ஏன்னா இந்தக் கதைல அவங்க உயிரே அவங்க என்ன போஸ்ட்ல இருந்தாங்கங்கறத வெச்சு முடிவாயிருக்கு.

யூதர்களோட மத குருவ ரபின்னு சொல்றோமே, அவங்கள தயார் பண்ற கல்லூரி, அதாவது செமினரி, ஜெர்மனில மூணு முக்கியமா இருந்துச்சு. பிரெஸ்லாவுல ஒண்ணு, பெர்லின்ல ஆசாரமானவங்களுக்கு ஒண்ணு, அதே பெர்லின்ல தாராளப் போக்கு உள்ளவங்க 1872ல ஆரம்பிச்ச ஹோஹ்ஷூலே, அதாவது உயர்கல்வி நிறுவனம். பேச்சு இந்த மூணாவத பத்தி. ஆரம்பத்துலயே சீர்திருத்தம் பேசின ஆப்ரகாம் கைகரும் அங்க பாடம் எடுத்தாரு, அவர் கருத்துக்கு ஒத்துவராத, ஆசாரத்த விடாத இஸ்ரேல் லெவியும் எடுத்தாரு. அரசாங்கமும் தலையிடக்கூடாது, சினகாக்னு சொல்ற யூதக் கோயில் நிர்வாகமும் தலையிடக்கூடாதுன்னு விதி வெச்சாங்க. ஒரு மதக் கல்லூரி அந்தக் காலத்துலயே இப்படி விதி எழுதிக்கிட்டது எனக்கு ரொம்ப பெரிய விஷயமா படுது.

1933ல ஹிட்லர் வந்ததும் யூனிவர்சிட்டிகள்ல இருந்து யூதப் பேராசிரியர்கள வெளிய தள்ளினாங்க இல்லையா, அவங்கள்ல சில பேர் இங்க வந்து வகுப்பு எடுத்தாங்க, இடம் கிடைக்காத பசங்களும் இங்கதான் வந்தாங்க, ரபி ஆகப்போறவங்களுக்கான இடம் கொஞ்ச நாளைக்கு ஒரு சின்ன யூனிவர்சிட்டி மாதிரியே ஆயிடுச்சு. நாஜி அரசு என்ன பண்ணுச்சுன்னா, உயர்கல்வி நிறுவனம்ங்கற அந்தஸ்த புடுங்கி வெறும் போதனாசாலைன்னு பேர மாத்த வெச்சுது. பாக்க சின்ன விஷயம்தான். ஆனா இந்தப் பேர் மாத்தம் பின்னால என்ன வேலை பண்ணுச்சுன்னு சொல்றேன்.

1938 நவம்பர்ல சினகாக்குகள எரிச்சாங்க. மத்த ரெண்டு செமினரியும் அதோட மூடியாச்சு. நம்ம செமினரிய பல வருஷம் தாங்கிப்பிடிச்ச இஸ்மார் எல்போகன் அதே 1938ல அமெரிக்கா போயிட்டாரு, அங்க நாலு யூத நிறுவனங்கள் சேர்ந்து அவருக்கு சம்பளம் கொடுத்துச்சு. அமெரிக்காவுல சின்சினாட்டில ஹீப்ரு யூனியன் காலேஜ்னு ஒரு ரபி கல்லூரி, அதோட தலைவர் ஜூலியன் மார்கன்ஸ்டர்ன். இந்த மனுஷன் ஐரோப்பாவுல மாட்டிக்கிட்ட அறிஞர்கள ஒவ்வொருத்தரா தன் காலேஜுக்கு வேலைக்கு கூப்பிட்டு லெட்டர் போட ஆரம்பிச்சாரு. காலேஜ்ல பணம் கொட்டிக்கிடக்கல. ஹெஷல்னு ஒரு இளம் அறிஞருக்கு அவர் எழுதினது வருஷத்துக்கு 500 டாலர், தங்க ரூம், சாப்பாடு. அவ்வளவுதான் முடிஞ்சுது, அந்த அவ்வளவு ஒரு உயிர காப்பாத்துச்சு.

லெட்டர் போனா போதுமா, விசா வேணுமே. அமெரிக்காவோட 1924 குடியேற்றச் சட்டத்துல நாட்டுக்கு இத்தன பேருன்னு கோட்டா, அந்த கோட்டாவுக்கு வெளிய மத போதகர்களும் பேராசிரியர்களும் வரலாம், ஆனா கடைசி ரெண்டு வருஷம் விடாம அதே வேலைல இருந்திருக்கணும். இப்ப ஆர்தர் ஷ்பானியர்னு ஒருத்தர பாருங்க. பெர்லின்ல பிரஷ்ய அரசு நூலகத்துல ஹீப்ரு நூல்கள பாத்துக்கிட்டவரு, யூதர்ங்கறதால வேலை போச்சு, அப்புறம் இந்த செமினரில வந்து பாடம் எடுத்தாரு. மார்கன்ஸ்டர்ன் அவரையும் கூப்பிட்டாரு. அமெரிக்க அதிகாரிங்க ஃபைல பாத்துட்டு சொன்னது ரெண்டு: இவரோட முக்கியமான தொழில் லைப்ரரியன், அதனால பேராசிரியர் விசா கிடையாது, அதோட இவர் இருக்கற இடம் உயர்கல்வி நிறுவனமும் இல்ல. நாஜிங்க தூக்கினாங்களே அந்த அந்தஸ்து, அதையே இவங்க காரணமா எடுத்துக்கிட்டாங்க! ஷ்பானியர் ஹாலந்துக்கு தப்பிச்சுப் போனாரு, அங்கயும் ஜெர்மன் படை வந்துச்சு, 1944ல பெர்கன்-பெல்சன் முகாம்ல செத்துப்போனாரு. இங்க லைப்ரரில வேலை பாக்கறவங்க நிறைய பேர் உக்காந்திருக்கீங்க, அதனாலதான் இந்தப் பேர இவ்வளவு நேரம் சொல்றேன்.

ஹெஷல் தப்பிச்சாரு. ஜெர்மனில இருந்து போலந்துக்கு விரட்டி விட்டாங்க, அங்கிருந்து போர் தொடங்கறதுக்கு சில வாரம் முன்னாடி லண்டன், 1940ல நியூயார்க். 1965ல அமெரிக்காவுல செல்மாங்கற ஊர்ல, கறுப்பர் உரிமைக்கான ஊர்வலத்துல மார்ட்டின் லூதர் கிங்கோட முன்வரிசைல நடந்த அந்த தாடிக்காரர் இவர்தான். அவரோட அம்மா போலந்துல, வார்சாவுலயே இறந்துட்டாங்க.

எல்லாரும் போனப்புறம் கடைசி வரைக்கும் நின்னவர் லியோ பெக். 1913ல இருந்து அங்க ஆசிரியர், ஜெர்மன் யூதர்களுக்கே தலைவரா இருந்தவரு. வெளிநாட்டுல இருந்து எத்தனையோ அழைப்பு வந்தும் போகமாட்டேன்னுட்டாரு. விரல்விட்டு எண்ற அளவுக்கு மாணவர்கள், அவங்களுக்கும் வகுப்பு நடத்திக்கிட்டே இருந்தாரு, 1942 ஜூலை 19 அன்னைக்கு அரசு மூடுற வரைக்கும். 1943 ஜனவரில தெரேசியன்ஷ்டாட் முகாம். அங்கயும் ராத்திரி இருட்டுல, பசியோட நெருக்கி அடிச்சு நின்ன கூட்டத்துக்கு பிளேட்டோ, காண்ட்னு தத்துவச் சொற்பொழிவு பண்ணியிருக்காரு. இந்த மனுஷன நினைச்சா எனக்கு கை தானா கூப்பிக்குது.

ஆனா ஒரு விஷயத்துல எனக்கு அவர்மேல வருத்தம் உண்டு, அத சொல்லாம இறங்க மனசு வரல. அதே செமினரில ரெஜினா யோனாஸ்னு ஒரு பொண்ணு படிச்சாங்க. பெண் ரபி ஆகலாமா, யூதச் சட்டம் என்ன சொல்லுதுன்னு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி, ஆகலாம்னு அந்த சட்டத்த வெச்சே வாதாடினாங்க. டால்முட்ங்கற யூதச் சட்ட நூலுக்கான பேராசிரியர் எடுவர்ட் பானெத் ஆதரவா இருந்தாரு, 1930ல அவர் இறந்துட்டாரு, அடுத்து வந்தவர் பட்டம் தரமாட்டேன்னுட்டாரு, பெக்கும் அப்ப முன்வரல. மத போதனை ஆசிரியைன்னு சர்ட்டிஃபிகேட் கொடுத்து அனுப்பிட்டாங்க. கடைசில 1935 டிசம்பர்ல ஒஃபன்பாஹ் ஊர்ல மாக்ஸ் டீனமன்ங்கற ரபிதான் பட்டம் கொடுத்தாரு. உலகத்துலயே முறையா பட்டம் வாங்கின முதல் பெண் ரபி அவங்கதான்.

யோனாஸும் பெக் இருந்த அதே தெரேசியன்ஷ்டாட் முகாமுக்குத்தான் போனாங்க. ரயில்ல வந்து இறங்கி நிலைகுலைஞ்சு நிக்கறவங்கள பாத்து பேசி தேத்தறது அவங்க வேலை, அதோட சொற்பொழிவும் பண்ணினாங்க, 24 தலைப்பு எழுதின கையெழுத்துப் பட்டியல் ஒண்ணு இன்னும் இருக்கு. 1944ல அவங்கள ஆஷ்விட்ஸ் முகாம்ல கொன்னுட்டாங்க. பெக் உயிரோட வந்தாரு, லண்டன்ல குடியேறி 1956 வரைக்கும் இருந்தாரு, எத்தனையோ மேடைல பேசினாரு, யோனாஸ் பேர பொதுவெளில அவர் சொன்னதா தெரியல. அந்த முகாம்ல இருந்து தப்பிச்ச மத்த பெரிய மனுஷங்களும் சொல்லல. 1972ல அமெரிக்காவுல சாலி ப்ரீசாண்ட் ரபி ஆனப்ப வரலாற்றுலயே இவங்கதான் முதல் பெண்ணுன்னு நிறைய பேர் நம்பினாங்க.

யோனாஸோட பட்டம், அந்த ஆராய்ச்சிக் கட்டுரை, போட்டோ எல்லாம் கிழக்கு ஜெர்மனி ஆவணக் காப்பகம் ஒண்ணுல கிடந்துச்சு. பெர்லின் சுவர் இடிஞ்சப்புறம் 1991ல ஒரு ஆய்வாளர் போய் பெட்டிய பிரிச்சப்பதான் வெளிய தெரிஞ்சுது. அத அத்தன வருஷம் தூக்கிப் போடாம ரேக்ல வெச்சிருந்த ஊழியர்கள் யாருன்னு எந்தப் புத்தகத்துலயும் நான் படிச்சதில்ல.