உள்ளாட்சித் தேர்தல் வழக்கு: யார் தொடுக்கலாம், எந்த நாளுக்குள்?

பெரியோர்களே, வழக்கறிஞர் நண்பர்களே,

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் என்னிடம் வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். எதிர் வேட்பாளரின் சாதிச் சான்றிதழ் போலி என்று பரிசீலனையில் ஆட்சேபம் சொல்லியும், தேர்தல் நடத்தும் அலுவலர் அவருடைய வேட்புமனுவை ஏற்றுவிட்டார். நாளைக்கே உயர் நீதிமன்றத்தில் தடை வாங்க முடியுமா? பொதுவாக முடியாது என்று சொன்னதும் கேட்டவர் முகம் வாடிவிடுகிறது.

இதற்கான விடை நம் நாமக்கல்லிலிருந்து கிடைத்தது. முதல் பொதுத்தேர்தலில் அந்தத் தொகுதிக்குத் தாக்கலான பொன்னுசாமி என்பவரின் வேட்புமனு 1951 நவம்பரில் தள்ளுபடியானது. அவர் ரிட் மனுவோடு, அதாவது அரசு அலுவலருக்கு நேரடியாக ஆணையிடக் கோரும் மனுவோடு, சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். தேர்தல் என்பது வாக்களிக்கும் ஒரு நாள் மட்டுமல்ல, அறிவிப்பு முதல் முடிவு வரையிலான முழு நடைமுறையும் தேர்தலே, இடையில் நீதிமன்றம் கைவைக்கலாகாது என்று 1952 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஊராட்சிகளுக்கு அதே தடையை அரசியலமைப்பின் 243-ஓ பிரிவு விதிக்கிறது. எனவே குறை பரிசீலனை மேசையிலேயே தெரிந்திருந்தாலும், வழக்கு முடிவு வந்த பிறகுதான்.

முடிவு வந்த பிறகோ நாள்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 258ஆம் பிரிவில், முடிவு வெளியான நாளிலிருந்து 45 நாள்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் தேர்தல் மனு தாக்கலாக வேண்டும் என்கிறது. மோசடி நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து அல்ல என்பதைக் கவனியுங்கள். 2020 ஜனவரி 2 அன்று முடிவு வெளியான ஊராட்சி ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் நாற்பத்தைந்தாம் நாள் பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. நீதிமன்றம் மூடியிருப்பதால் திங்கட்கிழமை தாக்கல் செய்யலாம். ஆனால் சனிக்கிழமையை அப்படி நம்பிவிடாதீர்கள். 1972இல் பீகாரின் தர்பங்கா நாடாளுமன்ற இடைத்தேர்தலை எதிர்த்த மனுவுக்குக் கடைசி நாள் மார்ச் 18, சனிக்கிழமை. அன்று நீதிபதிகள் அமரவில்லை என்றாலும் அலுவலகம் திறந்திருந்தது. மனு வந்ததோ திங்கட்கிழமை. காலம் கடந்தது, தாமதத்தை மன்னிக்கவும் வழியில்லை என்று 1973 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது.

யார் மனுதாரர் ஆகலாம் என்பதும் கறாரானது. அந்தத் தேர்தலில் நின்ற வேட்பாளர் போகலாம். அங்கே வாக்குரிமை உள்ள வாக்காளர் போகலாம். ஊர் நலனில் எவ்வளவு அக்கறை இருந்தாலும், பெயரைச் சென்னைப் பட்டியலுக்கு மாற்றிக்கொண்டவருக்கு அந்தத் தகுதி இல்லை. தேர்தலை எதிர்க்கும் உரிமை பிறப்புரிமையோ அடிப்படை உரிமையோ அல்ல, சட்டம் கொடுத்த அளவுக்கு மட்டுமே உண்டு என்பது 1982இல், அப்போதைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசுவின் வழக்கில் சொல்லப்பட்டது. அவ்வழக்கில், வேட்பாளராக நிற்காத பாசுவை எதிர்மனுதாரராகச் சேர்த்ததே தவறு என்று அவர் பெயர் நீக்கப்பட்டது.

45 நாள் குறைவு என்று பலர் வருந்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐந்தாண்டுப் பதவிக்கு மூன்றாம் ஆண்டில் வழக்குத் தொடுத்தால் யாருக்குப் பயன்? என் மனக்குறை வேறு. மனுதாரருக்கு நாள் எண்ணும் அதே கண்டிப்பு விசாரணைக்கு இல்லை. சாட்சிக் கூண்டில் சாதிச் சான்றிதழ் பற்றிச் சொல்லத் தாசில்தார் ஏறுவதற்குள் பாதிப் பதவிக்காலம் போய்விடுகிறது.

காலம் தவறியவருக்கு ஒரு குறுகிய சந்து உண்டு. 1984 சட்டமன்றத் தேர்தலில் லால்குடியில் வென்றவருக்கு அத்தொகுதி வாக்காளர் பட்டியலில் பெயரே இல்லை. தன் பெயர் கொண்ட இன்னொரு வாக்காளரின் பதிவைத் தன்னுடையதாகக் காட்டியே வேட்புமனு கொடுத்திருந்தார். தேர்தல் மனுவுக்கான கெடு கடந்திருந்தும், அரசியலமைப்பு கேட்கும் அடிப்படைத் தகுதியே இல்லாதவர் அவையில் அமர்ந்திருப்பதை ரிட் மனுவில் கேள்வி கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. கணக்குத் தவறு, முறையற்ற வாக்கு எண்ணிக்கை போன்ற குறைகளுக்கு அந்தச் சந்து திறக்காது. லால்குடித் தீர்ப்பு வந்த ஆண்டு 1999. அவர் உறுப்பினராக இருந்த சட்டமன்றமோ 1988 ஜனவரியிலேயே கலைக்கப்பட்டிருந்தது.