14 டாலர் திராட்சை! நூனவுட்டில் ஏன் இந்த விலை?

வணக்கம் மக்களே! கனடாவின் வடக்கே இருக்கும் நூனவுட் பிரதேசத்தின் தலைநகர் இக்காலுயிட்டில் இருக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் நுழைவது காய்கறிக் கடைக்குள்தான், உங்களுக்கே தெரியும். இன்றைக்கு நுழைந்ததிலிருந்து வயிறு எரிகிறது. இந்தத் திராட்சையைப் பாருங்கள், 14 டாலர்! காம்பெல்லாம் வாடிக் கிடக்கிறது. எடுத்தேன், வைத்தேன், ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி எடுத்தேன். பக்கத்தில் குடைமிளகாய் இருந்தது, அதன் விலையைப் பார்த்ததும் திராட்சையே தேவலாம் என்று வாங்கிவிட்டேன்.

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. கனடாவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நூனவுட். 2021 கணக்கெடுப்பில் மொத்த மக்கள் 36,858 பேர்தான். 25 ஊர்கள், ஓர் ஊரிலிருந்து இன்னொன்றுக்குச் சாலையே கிடையாது. கோடையில் பனிக்கட்டி விலகினால் கப்பல் வரும். மற்ற மாதங்களில் எல்லாமே விமானம்தான், இந்தத் திராட்சை உட்பட. ஆ, துறைமுகம்! இங்கே ஆழ்கடல் துறைமுகம் வந்ததே 2023இல்தான். அதற்கு முன் கப்பலை விரிகுடாவில் நிறுத்தி, சரக்கைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

இன்னொன்று, முதலிலேயே சொல்லியிருக்கணும்: 1999 ஏப்ரல் 1இல்தான் வடமேற்குப் பிரதேசங்களிலிருந்து பிரிந்து நூனவுட் தனிப் பிரதேசமானது. மக்களில் பெரும்பாலோர் இனுயிட் என்ற ஆர்க்டிக் பழங்குடி மக்கள். சட்டமன்றத்தில் கட்சியே இல்லை, உறுப்பினர்களே கூடித் தங்களில் ஒருவரை முதல்வராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

அதைவிடப் பிடித்தது ஆர்க்டிக் சார் மீன். உறைந்தபடியே சீவித் தருகிறார்கள், என்ன ருசி! சீல் (கடல்நாய்), கரிபு மான் என்று வேட்டையில் கிடைப்பதைச் சொந்தபந்தங்களுக்குப் பங்கு போட்டுத் தருவது இங்கே வழக்கம். சரி, கடை விலை இப்படி இருக்கும்போது எல்லோரும் வேட்டைக்கே போகலாமே? பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக்குப் பெட்ரோல் வேண்டும், தோட்டா வேண்டும். சீல் தோல் விற்ற காசில்தான் பலர் அதைச் சமாளித்தார்கள். 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் சீல் பொருட்களுக்குத் தடை போட்டது. இனுயிட் மக்களுக்கு மட்டும் விலக்காம்! சந்தையே படுத்த பிறகு விலக்கை வைத்து என்ன செய்வது? இறைச்சியைத் தின்று, தோலை உடுத்தி வாழ்ந்த மக்களைத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு தண்டித்தது அநியாயம்.

மேரி ரிவர் இரும்பு, மெலியடைன் தங்கம் என்று சுரங்கங்களும் இருக்கின்றன. அதற்குத் தனி வீடியோ வேண்டும். நாளைக்கு சீல் தோலில் கையுறை தைக்கும் ஓர் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். அவர் சம்மதித்தால் கேமராவோடு போவேன், இல்லையென்றால் கையுறையை மட்டும் வாங்கி வந்து காட்டுகிறேன்.