வரி தின்றதா, 'என்னுடையது' தின்றதா?

நடுவர் அவர்களே, வணக்கம். ஜான் கால்ஸ்வொர்தியின் 'ஃபோர்சைட் சாகா' நாவல் வரிசையில் வரும் அந்த லண்டன் குடும்பம் சரிந்தது காலத்தாலா, சொத்து வெறியாலா என்பதுதான் வழக்கு. எதிரணித் தலைவர் உலகப் போர், வருமான வரி என்று அடுக்கிவிட்டு உட்கார்ந்தார். சரி, அந்தக் குடும்பத்து வக்கீல் சோம்ஸ் ஃபோர்சைட் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் ஐயா ஏழையானார்? கடைசி வரை தேம்ஸ் கரையில் வீடு, சுவர் நிறைய ஓவியங்கள். காசு போகவில்லை, மனிதர்கள்தான் போனார்கள்.

கதை தொடங்குவது 1886இல். போருக்கு இன்னும் 28 ஆண்டுகள் இருக்கின்றன. அப்போதே மனைவி ஐரீனையும் ஓவியங்களோடு சேர்த்துத்தான் சோம்ஸ் கணக்கு வைத்திருக்கிறார். அவளை லண்டனை விட்டுத் தள்ளி வைக்க ராபின் ஹில்லில் வீடு கட்டச் சொல்கிறார். கட்டிய கட்டடக் கலைஞர் பொசினிக்கும் ஐரீனுக்கும் காதல் வந்துவிடுகிறது. இவர் என்ன செய்தார் தெரியுமா? பேசிய தொகைக்கு மேல் 350 பவுன் செலவாகிவிட்டது என்று வழக்குப் போட்டார்! 12,000 பவுனுக்கு மேல் கொட்டியவர், மனைவியின் காதலனை அடிக்கக் கணக்கு நோட்டைத் தூக்குகிறார். ஜெயிக்கவும் செய்கிறார். தோற்றவர் நீதிமன்றத்துக்கே வரவில்லை. மூடுபனியில் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனார் என்று அப்புறம் தெரிகிறது. ஐரீனோ சோம்ஸ் கொடுத்த நகைகளை வைத்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தாள். ஏன் கிளம்பினாள்? கணவன் என்ற உரிமையில் அவளைப் பலவந்தப்படுத்தினாரே, அது எந்த வரியால் வந்தது?

1882 சட்டம் மணமான பெண்ணுக்குச் சொத்துரிமை தந்தது, அந்தக் காலமாற்றம்தான் ஐரீனுக்குத் துணிவு தந்தது என்றார் எதிரணி அம்மா. நல்ல பாயிண்ட். ஆனால் அவள் சொத்து அவளுடையது என்று சொன்ன சட்டத்தைப் படித்த வக்கீல் சோம்ஸ், அவளே அவளுடையவள் என்று ஒப்புக்கொள்ளவில்லையே!

போர் முடிந்து 1920க்கு வாருங்கள். சோம்ஸின் இரண்டாம் தாரத்து மகள் ஃப்ளர், ஐரீன் மறுமணத்தில் பெற்ற மகன் ஜானைக் காதலிக்கிறாள். அவன் கையை விட்டுப் போய்விடுவானோ என்று, ஸ்காட்லாந்துக்குப் போய் ரகசியக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என நெருக்குகிறாள். அப்பன் ரத்தம்! அந்த நேரத்தில் ஜானின் தந்தை கடிதம் எழுதி, சோம்ஸ் அவன் தாய்க்குச் செய்ததைச் சொல்லிவிடுகிறார். ஜான் விலகுகிறான். ஜான் குடும்பம் குடியிருந்த அதே ராபின் ஹில் வீட்டில் 'வாடகைக்கு' பலகை ஏறுகிறது. அடுத்து வரும் எதிரணி நண்பர், அந்தக் கடிதத்தில் வரியைப் பற்றி ஒரு வரி இருந்தால் காட்டிவிட்டு மேலே பேசட்டும்.