ஐஸ் பெட்டியில் வந்த துப்பாக்கி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பெற்ற அப்பனே பிள்ளைகளைக் குற்றத்தில் இழுத்துவிட்டால் பழி பெரிதும் யாருக்கு? இழுத்தவனுக்கே என்று பேச வந்திருக்கிறேன். "இருபது வயதுப் பையனுக்கு நல்லது கெட்டது தெரியாதா?" என்று எதிரணி நண்பர் கேட்டார். தெரியும்தான். தெரிந்த பிள்ளைகளையே ஒருவன் எப்படி வளைத்தான் என்பதுதான் என் வழக்கு.

அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில் கேரி டைசன் என்று ஒருவன். 1967இல் தப்பி ஓடும்போது சிறைக் காவலர் ஒருவரைக் கொன்று ஆயுள் தண்டனை பெற்றவன். மூன்று மகன்கள். அப்பாவை அவர்கள் அறிந்தது சிறைக்குப் போய்ப் பார்த்துப் பார்த்துத்தான். வீட்டோடு இருக்கிற அப்பா என்றால் அவர் கோபமும் பொய்யும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பார்வையாளர் நேரத்தில் மட்டும் பார்க்கிற அப்பனிடம் எதைப் பார்க்க முடியும்? அவன் காட்டுவதைத்தான்.

1978 ஜூலை 30. மூன்று பேரும் ஃபுளோரன்ஸ் சிறைக்குள் பெரிய ஐஸ் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே துப்பாக்கிகள். காவலர்களை அறைக்குள் பூட்டிவிட்டு அப்பனை மீட்டார்கள். தன்னோடு இன்னொரு கொலைக் கைதியும் வரவேண்டும் என்று அடம்பிடித்ததும் அப்பன்தான். யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று அவனிடம் முன்பே வாக்கு வாங்கியிருந்ததாகப் பிள்ளைகள் பின்னால் சொன்னார்கள். சிறையில் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

அப்புறம் பாலைவனச் சாலையில் டயர் வெடித்தது. உதவலாம் என்று ஒரு குடும்பம் காரை நிறுத்தியது. கணவர், மனைவி, இரண்டு வயதுக் குழந்தை, பதினைந்து வயது உறவுக்காரப் பெண். துப்பாக்கி முனையில் பிடித்துவைத்தார்கள். கொஞ்சம் தண்ணீர் கொடுத்து எங்களை இங்கேயே விட்டுவிடுங்கள் என்று அந்தக் கணவர் கெஞ்சினார். அப்பன் மகன்களிடம் போய்த் தண்ணீர் எடுத்துவரச் சொன்னான். தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே வெடிச்சத்தம் கேட்டது என்றான் ஒரு மகன். தண்ணீரை அப்பன் கையில் கொடுத்த பிறகுதான் சுட்டார்கள் என்றான் இன்னொருவன். நான்கு பேரும் செத்தார்கள். சுட்டது அப்பனும் அந்தக் கூட்டாளியும்.

நடுவர் அவர்களே, அந்தக் குழந்தையை நினைத்தால் மகன்கள் மேல் எனக்கும் ஆத்திரம் வருகிறது. ஐஸ் பெட்டியைத் தூக்கியவர்கள் அவர்கள். அதற்குத் தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குற்றத்தில் பெரும்பங்கு எடுத்து, பிறர் உயிரைத் துச்சமாக நினைத்திருந்தால் சுடாதவனுக்கும் மரண தண்டனை தரலாம் என்று, இந்த மகன்களின் வழக்கிலேயே அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1987இல் சொன்னதை எதிரணி எடுத்துக் காட்டியது. சரி. ஆனால் 5க்கு 4 என்றுதான் சொன்னது. நான்கு நீதிபதிகளால் அதை ஏற்க முடியவில்லை. பிற்பாடு, உயிரோடு பிடிபட்ட இரண்டு மகன்களின் மரண தண்டனையும் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது.

"கொலையைப் பார்த்த பிறகாவது அப்பனை விட்டுப் போயிருக்கலாமே?" இது நண்பரின் கடைசிக் கேள்வி. போயிருக்க வேண்டும். போகவில்லை, ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஓடிய பிறகு போலீஸ் சாலையை மறித்துச் சுட்டது. வண்டி ஓட்டிய மூத்த மகன் செத்தான். மற்ற இரண்டு பேரும் பிடிபட்டார்கள். அப்பன்? செத்துக்கொண்டிருந்த பிள்ளையை வண்டியில் போட்டுவிட்டு, தனியாகப் பாலைவனத்துக்குள் ஓடினான். பல நாள் கழித்துப் பிணமாகத்தான் கிடைத்தான்.

நன்றி, வணக்கம்.