குருடர் என்று சொன்னது யாரை?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியினருக்கும், இடமில்லாமல் வாசல் படியில் குந்தியிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். 'விசுவாசத்தில் ஒருவரை வழிநடத்துகிறவருக்கு முதலில் வேண்டியது வேத அறிவா, தன்னை அறிந்த தாழ்மையா?' இதுதான் தலைப்பு. நான் தாழ்மையின் பக்கம். எங்கள் அணிதான் வெல்லும் என்று சொல்ல வாய் துடிக்கிறது. சொன்னால் அந்த இடத்திலேயே தோற்றுவிடுவேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் அழகாகப் பேசினார். குருடனுக்குக் குருடன் வழிகாட்டினால் இருவரும் குழியில் விழுவார்கள், ஆகவே அறிவுதான் முதல் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் அண்ணன், மத்தேயு 15ஆம் அதிகாரத்தில் இயேசு அந்த வார்த்தையை யாரைப் பற்றிச் சொன்னார்? வேதம் படியாத மீன்பிடிகாரரையா? யூத மதப் போதகர்களான பரிசேயரை ஐயா! எழுத்துக்கு எழுத்து நியாயப்பிரமாணம் தெரிந்தவர்களை. தங்களுக்குக் கண் தெரியவில்லை என்பது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரியாமல் போனது. நீங்கள் கூட்டிவந்த சாட்சி எங்கள் பக்கத்து ஆள். தயவுசெய்து திருப்பித் தாருங்கள்.

அடுத்துப் பேசிய தங்கச்சி வில்லியம் ஓல்ட்டைக் கொண்டுவந்தார். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த ஊழியர். அவர் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 'அறிவைக் கொண்டுவந்தார்' என்றார் தங்கச்சி. சரி. ஆனால் வந்திறங்கும்போது அந்த மனுஷனின் வாயில் தமிழ் இல்லை. கடற்பயணத்திலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். 1815 ஏப்ரலில் இங்கேயே கண் மூடினார். ஒரு வருஷம்கூட முழுதாக வாழாத அந்த ஊழியத்தில், சோறு தண்ணீர் கேட்கவும் நம்ம ஊர்ச் சனத்தை நம்பித்தான் இருந்திருப்பார். கற்பிக்க வந்தவர் முதலில் கற்க வேண்டியிருந்தது.

வேதத்துக்குள் போக முன்னம் ஒரு எட்டு கூத்துக் களரிக்கு வாருங்கள். வடமோடியோ தென்மோடியோ, எந்தப் பாணிக் கூத்தானாலும், ஆளுக்குரிய பாத்திரத்தைப் பிரித்துச் சட்டம் கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் பழக்குகிறவர் அண்ணாவியார். எல்லாருடைய பாட்டும் ஆட்டமும் அவருக்கு மனப்பாடம். அரங்கேற்ற இரவில் உடுப்பும் முடியும் யார் தலையில்? பழகினவன் தலையில். அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். ஆடுகிறவனுக்குக் கால் பிசகினால் அடியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து அவனைத் தாளத்துக்குள் கொண்டுவருவார். விடியப்புறம் சனம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: 'வீமனுக்கு ஆடினவன் ஆர்ர பொடியன்?' அந்த நேரம் அண்ணாவியாரின் முகம் கறுத்ததா மலர்ந்ததா? இருட்டில் நமக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

இனி ஆதிச் சபையின் ஊழியர் பர்னபா. சபையைத் துன்பப்படுத்திய சவுல், பிறகு பவுல் என்று பெயர் பெற்றவர், மனம் மாறி வந்தபோது அவரைக் கண்டு எருசலேம் சீஷர்கள் பயந்தார்கள். அப்போது கையைப் பிடித்து அப்போஸ்தலரிடம் கூட்டிக்கொண்டு போனவர் அவர். பிறகு தர்சுவுக்குத் தேடிப்போய் அந்தியோகியாவுக்கு அழைத்து வந்தவரும் அவர்தான். அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரத்தை ஆறுதலாக வாசியுங்கள். தொடக்கத்தில் 'பர்னபாவும் சவுலும்' என்று வரும். அதிகாரம் முடிய முன்னமே 'பவுலும் பர்னபாவும்' என்று பெயர் மாறி நிற்கும். தான் கைபிடித்துக் கூட்டிவந்தவன் முன்னால் போய்விட்டான். பர்னபா முறைப்பட்டதாக ஒரு வரி இல்லை. அந்தப் பயணத்தின் நடுவில் விட்டுப்போன மாற்குவுக்காகத்தான் பிறகு பவுலோடு முட்டிக்கொண்டார், தனக்காக அல்ல.

நான் பர்னபா இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பை மட்டக்களப்பில் நின்று விவரிக்கத் தேவையில்லை. ஞாயிறு பாடசாலை முடித்த பிள்ளைகளையும் அன்று இழந்தோம். சில வாரம் கழித்து, வேறொரு சபையில் என்னிடம் படித்த பதின்மூன்று வயதுப் பொடியன் வந்து கேட்டான்: 'அக்கா, ஆண்டவர் அப்ப எங்க இருந்தவர்?' நான் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிற ரோமர் 8:28ஐ எடுத்தேன், அதற்கு மூன்று விளக்கமும் கொடுத்தேன். வசனத்தில் பிழை இல்லை ஐயா. நான் எடுத்த வேகத்தில்தான் பிழை. பதில் தெரியாத டீச்சராக ஒரு பிள்ளைக்கு முன்னால் நிற்க எனக்குப் பயம். 'சரி அக்கா' என்று போனவன் மூன்று மாதம் கோயில் பக்கம் வரவில்லை.

எங்கள் சபையில் ஒரு மாமி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அவன் வீட்டுக்கு இடியப்பம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திண்ணையில் இருந்து சொன்னாராம்: 'எனக்கும் விளங்கல்ல மகன். நானும் அவரோட கோவமாத்தான் இருக்கன். ஆனா ராவையில ஜெபம் பண்ணாமப் படுக்க ஏலாம இருக்கு.' அவ்வளவுதான். தன் கதை முழுவதையும் அந்தப் பிள்ளையின் தலையில் கொட்டவும் இல்லை. அடுத்த ஞாயிறு அவன் வந்தான், மாமிக்குப் பக்கத்தில் போய் இருந்தான்.

எனக்கு எரிந்தது. ஏன் மறைப்பான்? ஆறு வருஷம் பாடம் எடுத்தவள் நான், அவன் போய் உட்கார்ந்தது இடியப்பத்துக்குப் பக்கத்தில்! அந்த எரிச்சலைக் கண்டபிறகுதான், இவ்வளவு நாளும் நான் அவனை வளர்த்தேனா என் பெயரை வளர்த்தேனா என்ற கேள்வி வந்தது. இந்த இடத்தை எந்த வேதாகமக் கல்லூரிச் சான்றிதழும் எனக்குக் காட்டித் தந்திருக்காது.

எதிரணி கேட்கும், தாழ்மை நடிப்பாகவும் இருக்கலாமே என்று. இருக்கலாம். 'நான் ஒன்றுமில்லாதவன்' என்று தொடங்கி முக்கால் மணிநேரம் ஒலிவாங்கியை விடாதவர்களை நமக்கும் தெரியும். அதனால்தான் எங்கள் தலைப்பில் 'தன்னை அறிந்த' என்ற சொல் முன்னால் நிற்கிறது. அறிவு வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. 'முதலில்' எது என்பதுதான் கேள்வி. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, 'உன்னைக்குறித்தும் உபதேசத்தைக்குறித்தும் எச்சரிக்கையாயிரு' என்றார். வரிசையைப் பாருங்கள் அண்ணன்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் ஐயா, இறங்குகிறேன். அடுத்து வரும் எதிரணித் தம்பியிடம் ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். அந்தப் பொடியன் இப்போது உங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டால், முதலில் என்ன சொல்வீர்கள்? அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள் தம்பி.