சிறிய திரையரங்கக் கணினி: முதலில் ஒலி, பிறகு புராசசர்

(காட்சி: வரவேற்பறைத் தொலைக்காட்சியின் கீழ் ஒரு மர அலமாரி, அதற்குள் தடித்த புத்தகம் அளவுள்ள கணினி.)

வணக்கம். தொலைக்காட்சிக்குக் கீழே அடங்கிவிடும் ஒரு சிறிய கணினியை வைத்து, சேமித்த படங்களையும் பாடல்களையும் அதன் வழியாகவே பார்க்கவும் கேட்கவும் விரும்புவோருக்காக இந்தக் காணொளி. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் ஒரு கடைக்குள் நுழைந்தால், எந்த புராசசர் வேண்டும் என்பதிலிருந்தே பேச்சு தொடங்கும். ஆனால் வீட்டிலிருந்து புறப்படும் முன்பே நாம் விடை கண்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: ஒலி எந்த வழியாகக் கணினியை விட்டு வெளியேறப் போகிறது? அது தெளிவானால் புராசசரைத் தேர்வது சிறிய வேலை.

ப்ளூரே வட்டுகளில் வரும் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகிய ஒலித்தடங்கள் சுருக்கப்பட்டிருந்தாலும் மூல ஒலியில் எதையும் இழக்காதவை. இவற்றைக் கணினியே விரித்து, பல சேனல் பிசிஎம் ஒலியாக (சுருக்கப்படாத எண்வடிவ ஒலி) அனுப்பலாம். விரிக்காமல் அப்படியே ரிசீவரிடம் (ஒலியை விரித்து ஒலிபெருக்கிகளை இயக்கும் பெட்டி) ஒப்படைக்கவும் செய்யலாம். பின்னதைப் பாஸ்த்ரூ என்பார்கள். 5.1, 7.1 வரை (முதல் எண் ஒலிபெருக்கிகளைக் குறிக்கும்; .1 என்பது தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர்) இரண்டு முறைகளிலும் காதுக்கு எட்டும் தரம் ஒன்றே. டால்பி அட்மாஸ் வரும்போதுதான் வேறுபாடு தோன்றுகிறது. ஒவ்வோர் ஒலியும் அறையின் எந்தப் புள்ளியிலிருந்து எழ வேண்டும் என்ற குறிப்பு அந்தத் தடத்துடன் சேர்ந்தே பயணிக்கிறது. கோடி (Kodi) போன்ற, படம் ஓட்டும் மென்பொருள் அதை பிசிஎம் ஆக மாற்றும்போது அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. ஆகவே கூரையில் ஒலிபெருக்கி பொருத்தியவர்களுக்கு எச்டிஎம்ஐ வழியாகப் பாஸ்த்ரூ கட்டாயம்.

இங்கே ஒரு செலவு மிச்சமாகிறது. எச்டிஎம்ஐ வழியாகச் செல்லும் ஒலி, புராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியிலிருந்தே எண்வடிவில் புறப்படுகிறது. தனியாக வாங்கிச் செருகும் சவுண்ட் கார்டுக்கு அந்தப் பாதையில் எந்தப் பங்கும் இல்லை. ரிசீவர் வைத்திருப்பவரிடம் யாராவது சவுண்ட் கார்டைப் பரிந்துரைத்தால், அந்தப் பணத்தை நடு ஒலிபெருக்கிக்கு ஒதுக்குங்கள்.

(திரையில்: ஆப்டிகல் கம்பி, அருகில் எச்டிஎம்ஐ கம்பி.)

பழைய ரிசீவரில், ஒலியை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் துளை மட்டுமே இருந்தால் என்ன செய்வது? 1983இல் தோஷிபா அறிமுகப்படுத்திய இந்த இணைப்பு, இரண்டு சேனல் பிசிஎம் ஒலியையோ, சுருக்கிய 5.1 டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் ஒலியையோ மட்டுமே சுமக்கும். சுருக்காத 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் 5.1 ஒலிக்கு நொடிக்கு ஏறத்தாழ 7 மெகாபிட் தேவை. அது இந்தக் கம்பிக்குள் நுழையாது. தொலைக்காட்சியிலிருந்து ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ வழியான பழைய ஏஆர்சி துளைக்கும் ஏறக்குறைய இதே வரம்புதான். எச்டிஎம்ஐ 2.1 உடன் 2017இல் வந்த இஏஆர்சி இந்த வரம்பை நொடிக்கு 37 மெகாபிட் வரை உயர்த்தியது. ஆயினும் கணினியைத் தொலைக்காட்சியிலும், தொலைக்காட்சியை சவுண்ட்பாரிலும் இணைக்க எண்ணுவோர், தொலைக்காட்சி டிடிஎஸ் ஒலியை மறிக்காமல் கடத்துகிறதா என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. சில மாடல்களில் அந்த வசதி நீக்கப்பட்டிருக்கிறது.

அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலோர் இரண்டு ஒலிபெருக்கிகளுடன் நிறுத்திக்கொள்கிறோம். பக்கத்து வீட்டாரின் தூக்கத்துக்கும் அது உகந்தது. இவர்களுக்கு ஒரு யூஎஸ்பி டிஏசி (எண்வடிவ ஒலியை அலையாக மாற்றும் சிறு பெட்டி) போதும். சிறிய கணினிகளின் முன்பக்க ஹெட்போன் துளையில் கேட்கும் மெல்லிய இரைச்சல், உள்ளே நெருக்கமாக அமைந்த மின்சுற்றுகளிலிருந்து கசிவது. ஒலியை எண்ணிலிருந்து அலையாக மாற்றும் வேலையைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்தால் அது பெரிதும் குறையும். மாறாக, கூரையில் உள்ள செயற்கைக்கோள் தட்டின் (டிஷ்) கம்பியை இணைத்தவுடன் தாழ்ந்த சுருதியில் ஒரு ரீங்காரம் தொடங்கினால், அது தரை இணைப்புகள் வளையமாகி எழுவது. ஆப்டிகல் கம்பியில் மின்சாரம் பாயாது என்பதால், அந்த வளையத்தை அறுக்க இன்றும் அது கைகொடுக்கிறது.

இரண்டு ஒலிபெருக்கிகளில் 5.1 படத்தைப் பார்க்கும்போது, பாட்டும் சண்டையும் காதைப் பிளக்க, வசனம் மட்டும் முணுமுணுப்பாகக் கேட்கிறதே என்று பலர் குறைப்படுவதுண்டு. வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் பதிவாகிறது. மற்ற சேனல்களுடன் கலக்கும்போது அது அமுங்கிவிடுகிறது. கோடியின் ஒலி அமைப்பில் நடுச் சேனலை உயர்த்தும் வசதி உண்டு. மலாய் வசன வரிகளைப் படித்தே தமிழ்ப் படத்தைப் புரிந்துகொள்ளும் நிலைமை நமக்கு எதற்கு?

(காட்சி: புராசசர் பெயர்களுடன் ஒரு பலகை.)

இனி புராசசர். படம் ஓட்டுவதற்கு வேகத்தை விட, காணொளிக் குறிமுறையை (படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) விரிக்கத் தனிச் சுற்று உள்ளே இருக்கிறதா என்பதே முக்கியம். 10 பிட் எச்இவிசி குறிமுறைக்கான சுற்று இன்டெலின் 7ஆம் தலைமுறையிலேயே வந்துவிட்டது. யூடியூப் பயன்படுத்தும் ஏவி1 குறிமுறைக்கானது 11ஆம் தலைமுறையில் வந்தது. 2023இல் வெளியான இன்டெலின் என்100, நான்கு சிறிய கோர்கள் (கணக்கிடும் மையங்கள்) மட்டும் கொண்டது. ஆனால் இவை இரண்டையும் விரிக்கும் சுற்று அதில் இருப்பதால் 4கே படத்துக்கு அது தடுமாறாது. ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி ஆறு கோர்கள் கொண்டதாயினும், ஏவி1க்கான சுற்று அதில் இல்லை. கோர்களே அந்த வேலையை முழுவதும் சுமக்க வேண்டியிருப்பதால் சூடேறி, விசிறி சுழலத் தொடங்கும். அந்த விசிறியின் ஓசை கலக்காமல் நள்ளிரவில் ஒரு வீணைக் கச்சேரியைக் கேட்க முடியாது. விளையாட்டும் வேண்டும் என்பவர்கள் ரைசன் 5 8600ஜி போன்றதை நாடலாம். இன்டெல் பெயரின் இறுதியில் எஃப் எழுத்து இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்று பொருள்.

என்100க்குக் குறிக்கப்பட்ட வெப்ப அளவு 6 வாட். சிறிய கணினி தயாரிப்பாளர்கள் பலர் அதை விட உயர்த்தியே வைக்கிறார்கள். நம் ஊரில் பிற்பகல் அறை வெப்பம் 30 பாகையைத் தொடும்போது, மூடிய அலமாரிக்குள் அதை விடக் கூடுதலாகவே இருக்கும். விசிறியில்லாத உலோகப் பெட்டி அமைதியானதே. ஆனால் அதன் உடலே வெப்பத்தை வெளியேற்றுவதால், சுற்றிலும் காற்று நடமாட வேண்டும். அலமாரியின் பின்பலகையைக் கழற்றிவிடுவது எந்த விலையுயர்ந்த கூலரையும் விடப் பயன் தரும்.

வாங்கிய பின் மாற்ற வேண்டிய ஓர் அமைப்பு உண்டு. திரைப்படங்கள் நொடிக்கு 24 சட்டகங்களில் ஓடுபவை. திரை 60 ஹெர்ட்ஸில் நின்றால், காமிரா மெல்ல நகரும் காட்சிகள் விட்டுவிட்டு நகர்வதுபோல் தெரியும். கோடியில் திரையின் வேகத்தைப் படத்துக்கேற்ப மாற்றும் அமைப்பை இயக்குங்கள். சந்தா சேவைகள் பல, கணினியின் பெரும்பாலான உலாவிகளில் 4கே தர மறுப்பது மட்டும் உரிமப் பாதுகாப்பின் விளைவு. பெரிய புராசசரால் மட்டும் அது தீராது.

பாஸ்த்ரூ இயங்கும்போது கணினியின் ஒலியளவுப் பொத்தான் வேலை செய்யாது. ரிசீவரின் ரிமோட்டில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். ஒரே ரிமோட்டில் எல்லாவற்றையும் இயக்க உதவும் சிஇசி வசதி பெரும்பாலான கணினிகளில் இல்லை. அது வேண்டுமென்றால், எச்டிஎம்ஐ கம்பிக்கும் கணினிக்கும் இடையே பொருத்தும் யூஎஸ்பி சிஇசி அடாப்டரையும் வாங்கும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.